ஆனைக்கு வக்கீல் யார்?

சித்ரா பௌர்ணமியன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் நம்பெருமாள் கஜேந்திரனுக்கு மோக்ஷம் கொடுக்கிறார். ஆனை கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பகவான், "மனுப் போட உனக்கு யோக்யதை உண்டா?" என்று கேட்கவில்லை. நம் சட்டம் கேட்கிறது.

2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து காக்கும் உயிரில் பிராணிகளின் உயிரையும் சேர்த்தது. 2023-இல் ஐந்து நீதிபதிகள், மிருகங்களுக்கு அடிப்படை உரிமை கொடுக்க முன்மாதிரி இல்லை என்று நின்றுவிட்டார்கள். காளைக்கு இல்லாதது ஆனைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

"வாயில்லா ஜீவன் எப்படி ஐயா உரிமை கேட்கும்?" என்கிறார்கள் படித்தவர்கள். கோயில் மூர்த்தி மட்டும் கோர்ட்டில் வாய் திறந்தா பேசுகிறார்? அவரும் சட்டப்படி ஒரு நபர்தான் என்று 1925-லேயே பிரிவி கவுன்ஸில் சொல்லியாயிற்று. அவருக்கு நிலம் உண்டு, வழக்கு உண்டு, சார்பில் பேச ஆள் உண்டு. ஊர் பேர் தெரியாத கம்பெனிக்கும் உண்டு. சந்நிதி வாசலில் சங்கிலியோடு நிற்கும் ஆனை மட்டும் சொத்து!

51-ஏ ஷரத்து ஜீவகாருண்யத்தை நம் கடமை என்கிறது. கடமையை நாம் மறந்தால் ஆனை யாரிடம் போய்ச் சொல்லும்? அது ஓட்டுரிமையா கேட்கிறது? பெருமாளுக்காக வாதாட ஆள் வைத்த சட்டம், அவர் வாசல் ஆனைக்கும் ஒருவரை வைக்கட்டும்.