மலையைத் தூக்க வேண்டாம், இலையைப் பார்ப்போம்

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது சிதறி விழுந்த துண்டுகள்தான் நார்த்தாமலைக் குன்றுகள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவங்க சொல்லுவாங்க. அனுமன் ஏன் மலையையே பெயர்த்தார்? எது மூலிகை என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் பலம் இருந்தது, தூக்கிவிட்டார். அடையாளம் தெரியாத நாம் செய்வது வேற. "வெறும் புதர்தானே" என்று பொக்லைனை விட்டு வழித்துவிடுகிறோம்.

நாம் புதர் என்று சொல்வது சாதாரணக் காடு இல்லீங்க. சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலப்பகுதிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு அது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இதன் மிச்சம் நார்த்தாமலைக் காட்டிலும், ஊர்க் கோயில்காடுகளிலும், சில பழைய வேலிகளிலும் இருக்கிறது. மற்ற இடங்களில் எவ்வளவு நிலத்தைத் தைலமரம் பிடித்திருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காட்டைப் படிக்க இலைதான் நல்ல வழி. பூவும் காயும் சில வாரம்தான் இருக்கும், இலை வருஷம் முழுக்க இருக்கும். ஒரு சிக்கலும் உண்டு. வறட்சியைத் தாங்குவதற்காகப் பல மரங்களுக்கு இலை தடிப்பாக, தோல் மாதிரி, பளபளப்பாக இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கிட்டப் போய் நாலு கேள்வி கேட்கணும்.

முதலில், அடுக்கு எப்படி? காயா மரத்தில் இலைகள் எதிரெதிராக, ஜோடியாக இருக்கும். நடு நரம்பு மட்டும் தெரியும், பக்க நரம்பு கண்ணுக்கே படாது. நீலப் பூ பூக்கும் முன்பே இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, ஒடித்தால் பால் வருதா? உலக்கைப்பாலை, வெப்பாலை ரெண்டிலும் பால் வரும். உலக்கைப்பாலையில் இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும், இலை நுனி உள்வாங்கியிருக்கும். வெப்பாலையில் இலை ஜோடி ஜோடியாக, நுனி கூராக இருக்கும். தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும்.

மூன்றாவது, கசக்கினால் என்ன வாசம்? காட்டு எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் எலுமிச்சை மணக்கும்.

நான்காவது, எப்படிக் கிழியுது? கொழுஞ்சியின் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் அம்பு முனை மாதிரி கிழியும். நம்மாழ்வார் ஐயா முன்னின்று பொட்டல் நிலத்தைப் பச்சையாக்கிய ஒடுகம்பட்டிப் பண்ணைக்கு இந்தப் பசுந்தாள் செடியின் பெயர்தான்.

இது பொழுதுபோக்கு இல்லை, நம் விவசாயமே இதில்தான் நிக்குது. பூச்சிவிரட்டிக்கு நாம் சொல்லும் இலக்கணம் என்ன? ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை. நொச்சி, ஆடாதோடை, எருக்கு, வேம்பு என்று அடுக்குகிறோம். ஆனால் பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் பலருக்குப் பட்டியல் மனப்பாடம், செடி தெரியாது.

அரைகுறையாகத் தெரிந்தாலும் ஆபத்துதான். தேற்றான், எட்டி ரெண்டும் ஒரே இனம். ரெண்டிலும் இலை ஜோடியாக இருக்கும், அடியில் இருந்தே மூன்று முதல் ஐந்து நரம்பு பிரியும். தேற்றான் கொட்டை கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும். எட்டிக் கொட்டை ஆளைக் கொல்லும். இங்கே இலை மட்டும் போதாது, காயையும் பார்க்கணும். தேற்றான் பழம் சின்னது, கறுப்பு, உள்ளே உருண்டையான ஒரு கொட்டை. எட்டிப்பழம் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக இருக்கும், கொட்டை பொத்தான் மாதிரி தட்டை. சந்தேகம் இருந்தால் வாயில் வைக்கவே கூடாது.

"போன்ல படம் எடுத்தா பேர் சொல்லிடுமே" என்று தம்பிகள் கேட்பார்கள். எடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனுக்கு வாசம் தெரியாது, பால் கசிவது தெரியாது. எந்தத் தழையை ஆடு ஒதுக்கும் என்பது ஆடு மேய்க்கும் அக்காவுக்குத்தான் தெரியும். அவங்க சொல்லும் ஊர்ப்பெயரையும் போன் சொல்லும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் அதுதான் அறிவு.

ஆகவே நம் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இலைக்கு ஒதுக்குங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் நாட்டு வைத்தியம் தெரிந்தவர்களையும் கூப்பிட்டு, சும்மா அனுப்பாமல் ஒருநாள் கூலி கொடுங்கள். கோயில்காட்டிலும் காப்புக்காட்டிலும் கையை வைக்காமல் பார்த்துப் பழகுங்கள், நம் வரப்பிலும் வேலியிலும் பறித்துப் பழகுங்கள். மாதம் ஐந்து இலை போதும், வருஷத்தில் அறுபது ஆகிவிடும்.

உயிர்வேலி போட நினைப்பவர்கள் நர்சரிக்கு ஓடும் முன் உங்கள் வேலியில் ஏற்கெனவே என்ன நிக்குதுன்னு எண்ணிப் பாருங்கள். காரையும் களாவும் சூரையும் தானாகவே முளைத்திருக்கலாம். அதை வெட்டிவிட்டு காசு கொடுத்து வேறு கன்று வாங்குவது என்ன கணக்கு? ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த எண்ணிக்கையை முடித்துவிடுங்கள்.