கைப்பேசிச் சந்தையும் கன்னித் தமிழும்

தாயகத்தில் வர்த்தக பாடத்தைத் தமிழிலேயே கற்பித்தோம். இன்று விட்பி நகரில், நம் மாணவச் செல்வங்களின் கைப்பேசிக்குள்ளேயே ஒரு சந்தை கூடுகின்றது. அதன் மொழியைப் பெற்றோர் பலர் அறியார். பிள்ளைகளோ சொல்லை அறிவர், பொருளை அறியார்.

சில சொற்களை நோக்குவோம். ‘எஸ்.ஈ.ஓ.’ என்பது தேடுபொறி உகப்பாக்கம்: விளம்பரப் பணம் கொடாமலே கூகுள் தேடலில் முன்னிடம் பெறுமாறு ஒரு பக்கத்தைச் செம்மைப்படுத்துதல். ‘பே பெர் கிளிக்’ என்பது சொடுக்குக் கட்டணம்: விளம்பரத்தை நாம் தொடுந்தோறும் வணிகர் பணம் செலுத்துவார். ‘கன்வேர்சன்’ என்பது பார்க்க வந்தவர் வாங்குநராதல்: 100 பேர் வந்து இருவர் வாங்கினால் 2 வீதம். ‘குக்கி’ தின்பண்டமன்று, நம்மை அடையாளங்காண இணையத்தளம் நம் உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பு. ஒருமுறை பார்த்த சப்பாத்து பல நாள் நம்மைப் பின்தொடர்வது பெரும்பாலும் அதனாலேயே.

2014 யூலை 1 முதல் கனடாவில் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, நம் இசைவின்றி வணிக மின்னஞ்சல் அனுப்பலாகாது. விலக விரும்புவதாக அறிவித்தால், 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தவேண்டும். இசைவு யாதென விளங்காமலே ‘சம்மதம்’ என்பதை அழுத்துவோர்க்கு இவ்வுரிமையால் என்ன பயன்?

இவற்றைத் தமிழிற் சொல்ல இயலாதென்பார் உளர். இணையம், மின்னஞ்சல் என்பனவும் ஒருகாலத்தில் புதுச் சொற்களே. இன்று அவை வீட்டுச் சொற்கள்.

ஆகவே பெற்றோரே, இரவுணவின்போது நாளொரு சொல்லைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் விளக்கட்டும். நீங்கள் தமிழிற் பெயரிடுங்கள். பொருளறிந்தவரைச் சந்தை எளிதில் ஏமாற்றாது.