வழியில் ஒரு கோட்டை

அட்ரியாடிக் கடலோரத்துப் புராதனப் பட்டணங்களைப் பார்க்க இப்போது நம்மவர்களும் போய் வருகிறார்கள். குரோவேஷியா தேசத்தில் துப்ரோவ்னிக் என்னும் பட்டணத்தைச் சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் இருக்கிறது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி அதன் மேல் நடக்கிறார்கள். நடந்தவர்கள் அதை வர்ணிக்கத் தொடங்கினால் நம் காப்பி ஆறிப் போகும். பார்க்கத் தக்க பட்டணந்தான். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆம்பூரில் தைத்த பாதரட்சைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன; ஆகவே அம்மதிலின் மேல் நமக்கு முன்பே நம் ஊர்த் தோல் நடந்திருக்கவும் கூடும்!

நம்முடைய கவலை வேறு. கோடையில் எத்தனையோ குடும்பங்கள் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலகிரிக்கு ஏறுகின்றன. ஏரியில் படகு விட்டுக் களிக்கின்றன. சென்னைக்குத் திரும்பும் சாலையில் முதலில் ஆம்பூர் வருகிறது. 1749 ஆகஸ்டு 3-ந் தேதி ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் போரில் மாண்ட இடம் அது. இன்று அங்கே வண்டி நிற்பது பிரியாணிக்காக. அப்பால் வேலூர். அங்கே வண்டி நிற்பதே இல்லை.

வேலூர்க் கோட்டை விஜயநகர காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், கருங்கல்லால் எழுந்தது. பரப்பு 133 ஏக்கர். சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அவருடைய புதல்வர்களைக் கும்பினியார் இங்கேதான் காவலில் வைத்தனர். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடலாகாது, தாடி வைக்கலாகாது, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று பின்னர் உத்தரவு பிறந்தது. மறுத்தவர்களுக்குக் கிடைத்தது கசையடி. 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் சிப்பாய்கள் துப்பாக்கி ஏந்தினர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சில மணி நேரந்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் பாய்ந்து வந்தார். அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மறு வருஷம் கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். மீரத்துக்கு 51 வருஷம் முந்திய கதை இது. மக்கான் சந்திப்பில் ஒரு ஞாபகத் தூண் நிற்கிறது. 2006-ல் தபால் தலையும் வெளியாயிற்று. ஆயினும் 1857-ஐ ஒப்பிக்கும் நம் குழந்தைகளிடம் 1806 என்றால் விழிக்கிறார்கள். அவர்களை அந்த மதிலடியில் கொண்டு போய் நிறுத்தாதது யார் குற்றம்?

ஸ்ப்லிட் நகரில் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியனின் சமாதி மாதா கோவிலாக மாறியதைக் கண்டு வியக்கிறோம். வேலூரில் ஜலகண்டேசுவரர் கோவில் ஆயுதக் கிடங்காகக் கிடந்து, 1981-ல் சுவாமி திரும்பி எழுந்தருளி, மறுபடியும் கோவிலாயிற்று. கலியாண மண்டபத்துத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் பாய்கின்றன. அவற்றுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். அவசரப்படுவோர் வராதிருத்தல் நலம்.

இலங்கையின் கடைசி அரசர், கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும், இக்கோட்டையில் சிறையிருந்து 1832-ல் காலமானவரே. காலையில் ஏலகிரியிலிருந்து இறங்குபவர்கள் கோட்டையைப் பார்த்து முடித்த பிறகும் பொழுது மிச்சமிருக்கும். முத்து மண்டபம் என்று கேட்டால், பாலாற்றங்கரையில் அவருடைய சமாதிக்கு வழி காட்டுவார்கள்.