கிலுகிலுப்பைப் பெட்டியில் ஒரு வெள்ளி ரூபாய்

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறவரின் போனில் ஒரு படம் வந்து விழுகிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி. நடுவில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். மேலே வெளிர் பச்சை லேபிளில் ‘எம்.எஸ். 63’ என்று அச்சடித்திருக்கிறது. “அமெரிக்க சர்டிஃபிகேட், 1986-இல் சீல் வைத்தது, கை ஓட்டமாகப் பணம் வேண்டும், பாதி விலைக்குத் தருகிறேன்” என்று கீழே ஒரு செய்தி.

அந்தக் காசைவிட அந்தப் பெட்டிதான் முதலில் பார்க்க வேண்டிய பொருள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

காசுக்கு மார்க் போடும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1949-இல் அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வைத்தார். அடையாளம் மட்டும் தெரிகிற தேய்ந்த காசு 1. குறையே இல்லாதது 70. தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால் குறையில்லாதது 70 டாலர் பெறும் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டன. ‘எம்.எஸ்.’ என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. அது 60-இல் தொடங்கும்.

இதே ஷெல்டன், நியூயார்க்கில் இருக்கும் நாணயவியல் சங்கத் தொகுப்பிலிருந்து நல்ல சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமானவற்றை வைத்துவிட்டார் என்று அவர் இறந்த பிறகு வெளிவந்து, வழக்கு வரை போனது. மார்க் போடச் சொல்லிக் கொடுத்தவரே காசை மாற்றினார் என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்!

இந்த மாற்றுவேலைக்குப் பயந்துதான் பெட்டியே பிறந்தது. 1970-களில் அமெரிக்க நாணயச் சங்கத்தின் ‘அனாக்ஸ்’ பிரிவு காசு அசலா என்று பார்த்துச் சொன்னது; 1979 முதல் தரமும் சொன்னது. ஆனால் கொடுத்தது புகைப்படம் ஒட்டிய ஒரு தாள்தான். காசு தனி, தாள் தனி. நல்ல காசின் தாளை வேறொரு காசோடு சேர்த்து விற்பது எவ்வளவு சுலபம்?

1986-இல் டேவிட் ஹாலும் வேறு சில வியாபாரிகளும் சேர்ந்து பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காசையும் லேபிளையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைத்தால் ஒழியத் திறக்க முடியாதபடி மூடிவிட்டார்கள். இரு பாதிகளையும் ஒட்டியது அல்ட்ராசானிக் வெல்டிங். வண்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பசை கிடையாது, அதிர்வில் பிளாஸ்டிக்கே உருகி ஒன்றாகிவிடும். பிரித்தால் விளிம்பில் தடம் காட்டிக்கொடுக்கும்.

அந்த முதல் பெட்டியில் காசு இறுக்கமாக உட்காரவில்லை. ஆட்டினால் ‘கிலுகிலு’ என்று சத்தம் வரும். சேகரிப்பாளர்கள் அதற்கு ‘ராட்லர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கிலுகிலுப்பை. அளவில் சின்னது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கான விளிம்புச் சட்டம் கிடையாது. 1989-90 வாக்கில் லேபிளின் பின்னணியில் லேஸ் துணி போன்ற பூவேலை வந்தது. பிறகு பல ஆண்டுகள் பச்சை லேபிள். 1998-இல் அது நீலமானது. போட்டியாக ஜான் அல்பனீஸ் 1987-இல் தொடங்கிய என்.ஜி.சி., முதலில் காசைச் சுற்றிக் கறுப்புப் பட்டை வைத்துப் பார்த்தது. கொஞ்ச காலத்திலேயே அதை விட்டு வெள்ளைக்கு மாறிவிட்டதால், கறுப்புப் பெட்டி இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் சரக்கு.

வெறும் பெட்டிக்கு ஏன் இந்த மவுசு? அந்தக் காலத்தில் மார்க் போடுவதில் கை இறுக்கம் அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். அன்று 63 வாங்கிய காசு இன்று அனுப்பினால் 64 வாங்கலாம் என்ற ஆசை. அதற்காகவே பழைய பெட்டிகளை உடைத்து மறுபடி அனுப்பினார்கள். உடைக்க உடைக்கப் பழைய பெட்டிகள் குறைந்தன. மிஞ்சியவற்றுக்கு விலை ஏறியது. விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? காசுக்கு மட்டுமல்ல, பெட்டிக்கும் லேபிளுக்கும்கூடப் போலி வந்துவிட்டது.

டீக்கடைப் படத்துக்குத் திரும்பலாம். லேபிளில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. ஆனால் போலிக்காரர்கள் அசல் பெட்டியின் எண்ணையே திருடி அச்சடிப்பதால், எண் சரியாக வந்தது என்பது மட்டும் போதாது. புதிய பெட்டி என்றால் தளத்தில் பெரும்பாலும் படம் இருக்கும். கீறலுக்குக் கீறல் ஒப்பிடலாம். பழையவற்றுக்குப் பெரும்பாலும் படம் இருக்காது. அங்கேதான் பெட்டியின் வயது கைகொடுக்கிறது. ஆரம்ப கால பி.சி.ஜி.எஸ். எண்கள் ஏழு இலக்கம். எட்டு இலக்கம் பின்னாளில் வந்தது. பழைய பச்சை லேபிளில் எட்டு இலக்கம் இருந்தால் விலகிவிடலாம். இன்னொன்று, தொடக்கத்தில் அந்த நிறுவனம் முக்கியமாக அமெரிக்கக் காசுகளைத்தான் மதிப்பிட்டது. 1986 கிலுகிலுப்பைக்குள் இந்திய ரூபாய் என்றால் அதுவே போதுமான எச்சரிக்கை.

அதிலும் 1939 ரூபாய்! 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது, கிடைப்பது அரிது, ஆகவே போலி ஏராளம். வேறு ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குவதும் உண்டு. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. எடை மட்டும் மாறவில்லை, அதே 11.66 கிராம். எனவே நகைக்கடைத் தராசு மட்டமான போலியைக் காட்டிக்கொடுக்கும். செதுக்கிய எண்ணைக் காட்டாது, அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். காசு பெட்டிக்குள் இருக்கும்போது தராசில் வைக்கவும் வழியில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் அவ்வாவின் சுருக்குப்பையிலிருந்து வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தால் பல வீடுகளில் முதலில் நடப்பது புளி போட்டுத் தேய்ப்பது. பளபளக்கும், மதிப்பு போய்விடும். தேய்த்த காசுக்கு இந்த நிறுவனங்கள் எண் தருவதில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி மூடிவிடுவார்கள். மலிவான பி.வி.சி. உறையில் வருடக்கணக்கில் போட்டு வைத்தாலும் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும்.

தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தை மறக்கக் கூடாது. நூறு வயது தாண்டிய காசைத் தனியார் இஷ்டத்துக்கு நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது. 1939-க்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

“பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் வரி கட்டுங்கள்” என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் அழைப்புகள் தனிக்கதை. தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இதற்காகத் தாங்கள் யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

டீக்கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்வி இன்னும் சுருக்கமானது: “காசை நேர்ல காட்டுவானாமா?” ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு, நாணயக் கண்காட்சிகளும் ஏலங்களும் நடக்கிற ஊர். விற்கிறவர் அங்கே வந்து, தெரிந்தவர் ஒருவர் முன்னால் பெட்டியை மேசைமேல் வைக்கச் சம்மதிக்கிறாரா என்று ஒரு செய்தி தட்டிவிடலாம். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.