கால்வாயில் ஒரு பகல்

மூக்கண்டப்பள்ளிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்பது நியாயமே. சென்னைத் துறைமுகம் இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். எங்கள் ஊரில் நீர் என்றால் ஏரி நீர். சப்தம் என்றால் சிப்காட் தொழிற்சாலைகளின் சப்தம். அப்படியிருந்தும் 2021-ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில், லேத் பட்டறை வைத்திருக்கும் அண்டை வீட்டு நண்பர் பொழுது விடிந்ததும் நம் திண்ணைக்கு வந்துவிட்டார்.

"வாத்தியார் ஐயா, அந்தச் சூயஸ் கால்வாயில் போய் வந்தவராயிற்றே நீங்கள்! ஒரு கப்பல் குறுக்கே நின்றால் மற்றவை ஒதுங்கிப் போகக் கூடாதா? ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய என் இயந்திரச் சாமான் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறதே!"

நாம் போய் வந்தது மெய்தான். 2019-ஆம் வருஷக் கோடை விடுமுறையில், பல வருஷச் சேமிப்பைக் கரைத்து, நாமும் நம் இல்லாளும் துபாயிலிருந்து ஐரோப்பா செல்லும் உல்லாசக் கப்பலில் ஏறினோம். சூயஸ் நகரத்தருகே இரவு நங்கூரமிட்டிருந்த கப்பல், எகிப்திய பைலட் ஏறியதும், இருள் பிரியுமுன் வரிசையில் நகரத் தொடங்கிற்று. அலையில்லை, ஆட்டமில்லை. கரை அரிக்காதிருக்க மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர்தான் வேகம். நம் ஊர்ச் சைக்கிள்காரர் முந்திவிடுவார்! இடப்புறம் ஆப்பிரிக்கா: நைல் நதியின் நன்னீர் பாய்வதால் பேரீச்ச மரங்களும் பசும் வயல்களும். வலப்புறம் ஆசியா: சினாய்ப் பாலைவனத்து மணல். பனாமாவில் கப்பலை நீர்ப்படிகளில் ஏற்றி இறக்குவதுபோல் இங்கே எதுவும் இல்லை. இரு கடல்களின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றே. செங்கடல் பல மீட்டர் உயரமென்று நெப்போலியனின் பொறியாளர்கள் போட்ட கணக்கு தப்புக் கணக்காயிற்று.

இன்று 193 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய் 1869 நவம்பர் 17-ஆம் தேதி திறக்கப்பட்டது. அரபிக் கடலிலிருந்து லண்டன் செல்லும் வழியில் சுமார் 8,900 கிலோமீட்டர் மிச்சமாயிற்று. புகழ் லெஸ்ஸெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரருக்குப் போயிற்று. தொடக்க வருஷங்களில் மண் வெட்டியவர்களோ, கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட எகிப்தியக் குடியானவர்கள். அவர்களில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத வழக்கு.

காவல் காத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1915 பிப்ரவரியில் துருக்கியப் படை இக்கால்வாயைத் தாக்கியபோது எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அந்த யுத்தத்தில் இப்பிரதேசத்தில் மாண்ட இந்தியர் சுமார் 4,000 பேருக்காக, 1926-ல் கால்வாயின் தெற்கு வாயிலில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். பின்னாளில் அரபு-இஸ்ரேல் சண்டைகளில் அது சிதைந்தது; 1980-ல் கெய்ரோ அருகே வேறொன்று வைத்தார்கள். தெற்கு வாயிலைத் தாண்டும்போது நம்மோடு நின்ற பிரயாணிகள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாமும் நம் இல்லாளும் கைகூப்பினோம்.

அந்திப் பொழுதில் போர்ட் சையிதை அடைந்தோம். அங்கே 1899 முதல் நின்ற லெஸ்ஸெப்ஸின் சிலையை 1956 டிசம்பரில் எகிப்தியர் வீழ்த்தினார்கள். அவ்வருஷம் ஜூலை 26-ஆம் தேதி நாஸர் கால்வாயைத் தேச உடைமையாக்கினார். செப்டம்பரில் அந்நிய பைலட்டுகளில் மிகப் பெரும்பாலோர் வேலையை விட்டுப் போனார்கள். எகிப்தியரால் முடியாது என்றார்கள் மேலைநாட்டார். கப்பல்கள் நிற்காமல் ஓடின! அடிமைப்பட்டிருந்த நமக்கும் இதே சொல்லைச் சொன்னவர்கள் அவர்கள்தாமே?

இவ்வளவும் கேட்ட நண்பர், "அதெல்லாம் சரி, என் சாமான்?" என்றார்.

விளக்கினோம். இரட்டைப் பாதை அப்போது கால்வாயின் ஒரு பகுதியில்தான் இருந்தது. மார்ச் 23-ல் 'எவர் கிவன்' சிக்கிக்கொண்டதோ, தெற்கேயுள்ள ஒற்றைப் பாதையில். அதன் நீளம் 400 மீட்டர், ஒதுங்க இடமேது? "கப்பலில் இருப்பவர்கள் 25 பேர். அனைவரும் இந்தியர்" என்றோம். நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

மார்ச் 29-ல் கப்பல் மிதந்தது. நண்பரின் சாமானும் சில வாரங்களில் வந்து சேர்ந்தது. ஆனால் நஷ்டஈட்டு வழக்குக்காக அந்தக் கப்பலை, மாலுமிகளோடு, கால்வாயின் நடுவிலுள்ள பெரிய கசப்பு ஏரியில் நிறுத்தி வைத்தார்கள். சாமான் வந்த பிறகும் நண்பர் வாரந்தோறும் திண்ணைக்கு வந்தார்.

"ஐயா, அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டார்களா?"

ஜூலை 7-ஆம் தேதிதான் "புறப்பட்டுவிட்டது" என்று அவருக்குச் சொல்ல முடிந்தது.

2023 இறுதியில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் அநேகக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஆகவே, போக விரும்பும் நேயர்கள் நிலவரம் விசாரித்தே சீட்டு வாங்குக. போகிறவர்கள் மேல்தளத்தில் நின்று படம் பிடிப்பதோடு நின்றுவிட வேண்டாம். வெட்டியவரையும், காத்தவரையும், ஓட்டுகிறவரையும் ஒரு நிமிஷம் நினையுங்கள். சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் அந்தக் கடன் தீராது.