டார்த் வேடர் திருந்தினது போதுமா?

ஹாஸ்டல்ல ஸ்டார் வார்ஸ் பேச்சு வந்தா ரெண்டு கட்சி பிரிஞ்சிடும். முதல் கட்சிக்கு டார்த் வேடர் மாஸ். கறுப்பு டிரஸ், அந்த மூச்சுச் சத்தம், கடைசியில் மகனுக்காக உயிரையே கொடுக்கிற அப்பா. அடுத்த கட்சி, "இத்தனை பேரைக் கொன்னவர் கடைசி அஞ்சு நிமிஷம் நல்லவரானா எல்லாம் சரியாயிடுமா?"ன்னு கேட்கும். ரெண்டுலயும் பாதி நியாயம் இருக்கு. என் கருத்து இதுதான்: வேடர் திருந்தியது உண்மை, ஆனா ரொம்ப லேட். அந்த லேட்டைத்தான் நாம கைதட்டி ரசிக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தில் வளர்ந்தவங்களுக்கு இது வெறும் சினிமா விவாதம் இல்லைன்னு நினைக்கிறேன்.

படம் பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஸ்பாய்லர் இருக்கு, ஆனா 40 வருஷத்துக்கு மேல ஆச்சு, மன்னிச்சிடுங்க. 1977-ல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த முதல் படத்தில் லூக் ஒரு கிராமத்துப் பையன். அப்பா இல்லை, சித்தப்பா வீட்டில் வளர்றான். 1980-ல் வந்த ரெண்டாவது படத்தில் வேடர் சண்டையில் லூக்கோட வலது கையை மணிக்கட்டோடு வெட்டி எறிகிறார். வலியில் தொங்கிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட, நான்தான் உன் அப்பான்னு சொல்கிறார். 1983-ல் வந்த மூணாவது படத்தில் மறுபடி சண்டை. இந்த முறை கோபத்தில் லூக் அப்பாவோட வலது கையை வெட்டிடுறான். வெட்டின இடத்தில் ரத்தம் இல்லை, வயர்தான் தெரியுது. அது ஏற்கெனவே செயற்கைக் கை.

எனக்கு முக்கியமான சீன் அதுக்கு அடுத்த சில நொடிகள். லூக் அப்பாவோட அறுந்த கையைப் பார்க்கிறான். அப்புறம் கிளவுஸ் போட்ட தன்னோட செயற்கைக் கையைப் பார்க்கிறான். அப்புறம் வாளைத் தூக்கி எறியுறான். 2002-ல் வந்த படத்தில், இளவயசு வேடரும் ஒரு சண்டையில் இதே வலது கையை இழந்தவர்தான்னு தெரிய வரும். ஆக, ஒரே குடும்பம், ரெண்டு தலைமுறை, அதே வலது கை. காயம் சொத்து மாதிரி கை மாறுது. அந்தச் சொத்து எனக்கு வேண்டாம்னு மகன் சொல்ற இடம்தான் படத்தோட உச்சம். வேடர் சக்கரவர்த்தியைத் தூக்கி எறியுறது அதுக்கு அப்புறம்தான்.

நம்ம கதைகள்ல இது அபூர்வம். பிரகலாதன் அப்பாவை எதிர்த்து நின்னான், ஆனா இரணியன் கடைசி வரைக்கும் மாறலை. தூணைப் பிளந்து வந்தவர் முடிச்சு வெச்ச பிறகு, அப்பாவை மன்னிக்கணும்னு பிரகலாதன் வேண்டிக்கிறதா பாகவதம் சொல்லுது. அவ்வளவுதான் அவனால முடிஞ்சது. தமிழ் சினிமா வேற ரூட். 1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்தில் லண்டனிலிருந்து திரும்புற மகன், அப்பா செத்த பிறகு அதே மீசையோட அதே இடத்துக்கு வர்றான். நாம விசில் அடிச்சோம். அப்பா மாதிரியே மாறுறதுதான் நமக்கு மாஸ். மாறாம நிக்கிறவனை, அப்பா பேச்சைக் கேட்காதவன்னு சொல்லிடுவோம்.

இப்போ சிவகாசிக்கு வர்றேன். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை நமக்குப் பாடம் மாதிரி மனப்பாடம். மழை இல்லாத கரிசல் பூமியில் அந்தத் தொழில் சோறு போட்டது. பிறகு பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அப்பா பயர் ஆபீஸ்ல இருந்தா, பிள்ளைக்கும் அந்தக் கேட் தெரிஞ்ச கேட்தான். இந்தக் காலேஜில் பலரோட பீஸ் அந்த மருந்து வாசனையோடதான் வந்திருக்கு. அதனால தொழிலைத் திட்டிட்டுப் போறது எனக்குச் சுலபம் இல்லை, நியாயமும் இல்லை.

ஆனா காயமும் கை மாறுது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தாங்க. அதில் பலர் அங்கே வேலை பார்த்தவங்க இல்லை, சத்தம் கேட்டுக் காப்பாத்த ஓடி வந்த ஊர்க்காரங்க. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவங்க. ஒவ்வொரு தடவையும் பேப்பரில் அதே வார்த்தைகள்தான் வரும்: உராய்வு, உள்குத்தகை, அனுமதிச்ச அளவுக்கு மேல ஆள், அனுமதிச்ச அளவுக்கு மேல மருந்து. ஒவ்வொரு ஷெட்டுக்கும் எத்தனை பேர், எவ்வளவு மருந்துன்னு கணக்கு இருக்கு. அந்த அளவு சும்மா வெச்சதில்லை. ஒரு ரூம் போனாலும் அடுத்த ரூம் போகக் கூடாதுன்னுதான் ரூமுக்கு ரூம் இடைவெளி விடுறாங்க. ரூமுக்குள்ள ஆளும் மருந்தும் கூடினா அந்த இடைவெளிக்கு அர்த்தமே போயிடுது.

எங்க அப்பா ஒரு பயர் ஆபீஸ்ல போர்மேன். அதுக்கு முன்னாடி மருந்து செலுத்தினவர். இடது முழங்கை வரைக்கும் பழைய தீக்காயம் இருக்கு. அந்தத் தோலைப் பார்த்தா அவருக்கு வருத்தம் இல்லை, ஒரு மாதிரி பெருமைதான். போன வருஷம் சீசன்ல நான் கேட்டேன்: "நாலு பேர்னு போர்டுலயே எழுதியிருக்குல்லப்பா, நீங்க ஏன் ஆறு பேரை உட்கார வைக்கிறீங்க?"

"ஆர்டர் நிக்குது. அந்த ரெண்டு பேரும் வேண்டாம்னா வீட்டுக்குப் போகணும். நீ சம்பளம் குடுக்கியா?"

"வெடிச்சா யார் பதில் சொல்றது?"

"நாங்க படாத காயமாப்பா? நீ படிக்கிற வேலையைப் பாரு."

ரெண்டு மாசம் சரியாப் பேசிக்கலை. அம்மா வழியாத்தான் பேச்சு. அவர் கேட்டதுக்கு என்கிட்ட இன்னும் முழுப் பதில் இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்ற ஒருத்தரை வீட்டுக்குப் போன்னு சொல்றது அவங்க அன்னிக்கு அடுப்பில் கை வைக்கிற விஷயம். ஆனா "நாங்க படாத காயமா"ங்கிற பதிலை மட்டும் என்னால ஏத்துக்க முடியலை. தான் பட்ட காயம், அடுத்தவங்க படக் கூடாதுங்கிறதுக்குக் காரணமா இருக்கணும். அடுத்தவங்களும் படலாம்ங்கிறதுக்கு லைசென்ஸ் ஆகக் கூடாது. வேடர் செஞ்சதும் அதுதான். தன் கை போனதைத் தன் மகன் கையில் எழுதினார்.

ரெண்டாவது கட்சிக்கு இப்போ பதில் சொல்லலாம். லூக் அப்பாவை மன்னிச்சது மகன்ங்கிற முறையில் மட்டும்தான். வேடர் கொன்னவங்க சார்பா மன்னிக்க லூக்குக்கு உரிமை இல்லை, படமும் அப்படிச் சொல்லலை. நம்ம ஊரிலும் இது கலங்கிப் போகுது. விபத்துக்கு அப்புறம், "பாவம், அவரும் நல்ல மனுஷன்தான், கோயிலுக்கு நிறையச் செஞ்சிருக்கார்"னு யாராவது ஆரம்பிப்பாங்க. இருக்கலாம். அதை அவர் வீட்டுப் பிள்ளை சொல்லலாம். இறந்தவங்க வீட்டுக்காரங்ககிட்ட நாம சொல்லக் கூடாது. மனசு மாறுறது வேற, வழக்கும் நஷ்டஈடும் வேற. ஒண்ணு நடந்ததால இன்னொண்ணு ரத்தாகாது.

முதல் கட்சிக்கும் ஒண்ணு இருக்கு. வேடர் திருந்தின கொஞ்ச நேரத்தில் செத்துப் போறார். அதனால படத்துக்கு வசதி. திருந்தின மனுஷன் அடுத்த திங்கட்கிழமை என்ன செய்வார்னு லூகாஸ் காட்டத் தேவையில்லாமப் போச்சு. நம்ம அப்பாக்களுக்கு அந்த வசதி கிடையாது. அவங்க திருந்தினா மறுநாள் காலையில அதே கேட்டுக்குள்ள போய், அதே முதலாளிகிட்ட, அஞ்சாவது ஆளை இந்த ரூமில் உட்கார வைக்க மாட்டேன்னு சொல்லணும். மியூசிக் இருக்காது. வேலை போகலாம். உயிரைக் கொடுக்கிறதை விட இது கஷ்டம்னே நினைக்கிறேன், ஏன்னா இதைத் தினமும் செய்யணும்.

மகன்கள் பக்கமும் வேலை இருக்கு. லூக் ஜெயிச்சது லெக்சர் அடிச்சு இல்லை, ஆயுதத்தைக் கீழே போட்டு. நம்ம ஆயுதம் டிகிரி. வீட்டில் இங்கிலீஷ் வார்த்தை ரெண்டு போட்டு, "சேப்டின்னா என்னன்னே தெரியாது உங்களுக்கு"ன்னு பேசினா, எந்த அப்பாவும் காதைக் கொடுக்க மாட்டார். உண்மையில் அவருக்குத் தெரியும். எந்த மருந்து எந்த வெயிலில் எப்படி நடந்துக்கும்னு நம்ம கெமிஸ்ட்ரி லேப் சொல்லித் தராததை அவர் கை சொல்லும். அதைக் கேட்டுக்கிட்டு உட்காருறதுதான் முதல் வேலை. அடுத்து, நம்ம பைனல் இயர் பிராஜெக்ட் லிஸ்டை எடுத்துப் பாருங்க. முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற சிஸ்டம் எத்தனை! மருந்து செலுத்துற இடத்தில் மனுஷன் கையைத் தூரமா வைக்கிற சின்ன மெஷின், மலிவா, சின்ன ஆலைக்காரரும் வாங்குற மாதிரி எத்தனை? எந்த மாவட்டத்து காலேஜ் இதை யோசிக்கணும்னா, அது நம்மளோடதுதான்.

1983 படம் முடியுறப்போ லூக் தனியா நின்னு அப்பாவுக்குச் சிதை மூட்டுறான். மேல வானத்தில் ஊரே பட்டாசு வெடிச்சுக் கொண்டாடுது. நம்ம ஊர்ப் பையனுக்கு அந்த ரெண்டு நெருப்பையும் ஒரே பிரேமில் பார்க்கிறது கொஞ்சம் சங்கடம்தான். அப்பா திருந்தினார்ங்கிற செய்தி சிதைக்குப் பக்கத்தில் தெரிய வேண்டாம். இந்தத் தீபாவளி லீவுக்குப் போறவங்க, சண்டை போடாம ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "உங்க ரூமில் இப்போ எத்தனை பேர்ப்பா?" பதில் வர லேட் ஆகும். வர்ற வரைக்கும் எழுந்து போயிடாதீங்க.