விறகு வியாபாரம்: லொறிக்கு முன்னால் கொட்டகை

2021ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022ஆம் ஆண்டிலும் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் விறகுக்குத் திடீரென்று விலை வந்தது. பேக்கரிக்காரர் முதல் வீட்டுப் பெண்கள் வரை விறகைத் தேடி அலைந்தார்கள். நமது ஊர்களிலும் பல இளைஞர்கள் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி லீசிங்கில் லொறியொன்றை எடுத்து, கிடைத்த மரத்தையெல்லாம் ஏற்றி விற்றார். ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. எரிவாயு மீண்டும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் வீட்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். எஞ்சியிருந்த பேக்கரிக்காரர்களோ, "உங்கட விறகு புகையுது நானா, எரியுதில்ல" என்று வேறு ஆளிடம் போனார்கள். கடைசியில் லொறியும் போனது, கைமுதலும் போனது.

அந்தத் தம்பி சோம்பேறி அல்லர். நேர்மையீனமானவரும் அல்லர். அவர் செய்த பிழை ஒன்றுதான். விறகு வியாபாரம் என்பது மரத்தை ஏற்றி இறக்குவது என்று நினைத்துவிட்டார். மரத்தைக் காயவைத்து விற்பதுதான் இந்த வியாபாரம் என்பது எனது கருத்து. இதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது லொறி அல்ல. முதலில் போட வேண்டியது நல்ல கொட்டகை.

ஏன் என்பதைக் கணக்கில் பார்ப்போம். வெட்டிய உடன் மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். நன்றாகக் காய்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்படியானால் 100 கிலோ பச்சை விறகு காய்ந்த பின் 62 அல்லது 63 கிலோதான் நிறுக்கும். இதைப் பார்த்துத்தான் பல வியாபாரிகள் பயப்படுகிறார்கள். "37 கிலோவை வெயிலுக்குக் கொடுக்க நான் என்ன பைத்தியமா?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் வாங்குபவரின் பக்கத்தையும் பாருங்கள். பச்சை விறகை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். ஆகவே ஒரு கிலோ பச்சை விறகிலிருந்து சுமார் 8 மெகாஜூல் வெப்பமே கிடைக்கும். காய்ந்த விறகில் அது சுமார் 14 மெகாஜூல். அதாவது காய்ந்த விறகு ஒரு கிலோ, பச்சை விறகு ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சமன். நிறைக் குறைவை ஈடுசெய்ய நீங்கள் கிலோவுக்கு 1.6 மடங்கு விலை கேட்டாலும் வாங்குபவருக்கு இலாபம்தான். புகை குறைவு, போறணை விரைவாகச் சூடாகும், புகைபோக்கியில் கரி படிவதும் குறையும். கொட்டகைச் செலவையும் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்து இன்னும் சிறிது கூட்டிக் கேட்கவும் இடமிருக்கிறது. இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லும் வியாபாரிதான் நிலைப்பார்.

இனிக் கொட்டகை. நமது ஈரவலய ஊர்களில் பிளந்த விறகு கூரையின் கீழ் காய்வதற்கு 4 மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மேலே தகரம் போதும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் விறகு காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். தரையில் நேராக அடுக்காமல், சீமெந்துக் கற்களின் மேல் சலாகை போட்டு அரை அடியாவது உயர்த்தி அடுக்குங்கள். கறையானுக்கும் தரை ஈரத்துக்கும் அதுவே மருந்து. வரிசைகளுக்கிடையே ஆள் நடக்க இடம் விடுங்கள். பக்கத்து வீட்டு மதிலோடு சேர்த்து அடுக்க வேண்டாம். தீப்பிடித்தால் பொறுப்பு உங்களுடையது. மணல் வாளியும் தண்ணீர்க் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விறகு காய்ந்ததை எப்படி அறிவது? ஈரம் பார்க்கும் சிறு கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுக்கிலிருந்து ஐந்து கட்டைகளில் அடையாளமிட்டு வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்து எழுதுங்கள். நிறை குறைவது நின்றால் விறகு தயார்.

கருவிகளைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் அதிகம் தேவையில்லை. மரம் தறிக்கும் மெல்லிய கோடரியால் விறகு பிளக்காதீர்கள், அது கட்டையில் சிக்கிக்கொள்ளும். பிளப்பதற்கென்று கனமான, ஆப்பு வடிவக் கோடரி வேண்டும். இரண்டு இரும்பு ஆப்புகள், ஒரு சம்மட்டி, முழங்கால் உயரத்தில் ஓர் அடிக்கட்டை, இவ்வளவும் போதும். மரம் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். பிளப்பதும் இலகு, காய்வதும் விரைவு. ஹைட்ரோலிக் பிளக்கும் இயந்திரத்தை, கூலிக்குக் கொடுக்கும் பணம் அதன் விலையை நியாயப்படுத்தும்போது மட்டும் யோசியுங்கள்.

செயின் வாள் வாங்குவதாக இருந்தால் பதிவுள்ளதாகப் பார்த்து உங்கள் பெயருக்கு முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். பதிவில்லாத வாள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெற்றோலுக்கு எண்ணெய் கலக்கும் அளவை அதன் கையேட்டில் பாருங்கள். பல வாள்களுக்கு 1 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வாளிலிருந்து துருவலுக்குப் பதிலாக மாவு போல் தூள் வந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே அரம் போடுங்கள். வாள் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் எகிறி ஆளின் பக்கம் திரும்பும். தோளுக்கு மேலே தூக்கி வெட்டக் கூடாது. கண்ணாடி, காதுமூடி, சப்பாத்து ஆகியவற்றைத் தொழிலாளிக்கு வாங்கிக் கொடுப்பது தர்மம் அல்ல, கடமை.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதில் மிகக் கவனம் தேவை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மீள்நடுகைக்காகப் பிடுங்கப்படும் இறப்பர் மரங்கள் நல்ல மூலம். ஆனால் அங்கே தேயிலைத் தொழிற்சாலைகளும் போட்டிக்கு நிற்கும். வேலிகளில் நிற்கும் கிளிரிசீடியா வெட்ட வெட்டத் தழைக்கும். தோட்டக்காரர்கள் நாலைந்து பேருடன் பேசி வைத்தால் வருடந்தோறும் விறகு கிடைக்கும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடமளிப்பதில்லை, அது சொந்தக் காணியில் நின்றாலும் சரியே. அரச காட்டு மரத்தை ஏற்றி அகப்பட்டால் வாகனமே பறிமுதலாகலாம். எந்த மரத்துக்கு எந்த இடத்தில் போக்குவரத்து அனுமதி வேண்டும் என்பதை வன அதிகாரியின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். காலைக்கான வியாபார அனுமதியைப் பிரதேச சபையில் பெறுங்கள். "எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்க" என்ற பதில் நீதிமன்றத்தில் செல்லாது.

அடுத்தது முதல். மாதம் 10 கன மீற்றர் விற்கிறீர்கள், காய 4 மாதம் எடுக்கிறது என்றால், எந்நேரமும் 40 கன மீற்றர் கொட்டகையில் இருக்க வேண்டும். அந்தப் பணம் அசையாது. இதைக் கணக்கிடாமல் இறங்குபவர்தான், கையில் பணம் முடிந்ததும் பச்சை விறகை விற்கத் தொடங்குகிறார். அங்கேதான் பெயர் கெடுகிறது. ஆகவே 10 விற்க வசதியில்லையா, 3 விற்றுத் தொடங்குங்கள். லொறியை வாடகைக்குப் பிடியுங்கள். மாதத்தில் எத்தனை நாள் லொறி தேவைப்படுகிறது என்று ஒரு வருடம் எழுதிப் பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வாடிக்கையாளர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். எரிவாயு கிடைத்ததும் போய்விடும் வீடுகளை நம்பி முதல் போட முடியாது. பேக்கரி, ஹோட்டல், கலியாண வீட்டுச் சமையற்காரர், நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்கள் ஆகியோரே நிலையானவர்கள். நோன்பு வருவதற்கு 4 மாதத்துக்கு முன்பே அதற்கான விறகு அடுக்கில் ஏறியிருக்க வேண்டும். கடன் கொடுப்பதற்கும் எல்லை வையுங்கள். முந்திய லோட்டின் பணம் வந்த பிறகே அடுத்த லோட். முகத்துக்காகக் கொடுத்த கடன் முகத்தையும் கெடுக்கும், முதலையும் கெடுக்கும்.

அளவு விடயத்தில் ஒரு வார்த்தை. கன மீற்றரில் விற்றால் "அடுக்கிய அளவு" என்று பேசிக்கொள்ளுங்கள். அள்ளிக் கொட்டிய குவியலில் பாதிக்கு மேல் காற்றுத்தான் இருக்கும். கிலோவில் விற்றால் அரச முத்திரையிட்ட தராசை வைத்திருங்கள். ஈர விறகைக் காய்ந்த விறகென்று கிலோவில் விற்பது, தண்ணீரை விறகு விலைக்கு விற்பதாகும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபிகளார் (ஸல்) கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். விறகு அடுக்குக்கும் அது பொருந்தும். பச்சை விறகை விற்கத்தான் வேண்டுமென்றால் பச்சை என்று சொல்லி, பச்சை விலைக்கு விற்கலாம். அதில் குற்றமில்லை.

கயிற்றை எடுத்து மலைக்குச் சென்று விறகு கட்டி விற்பவன், பிறரிடம் கையேந்துபவனை விட மேலானவன் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இன்றும் இது கௌரவமான தொழில்தான். அந்தத் தம்பி இப்போது மீண்டும் தொடங்கியிருக்கிறார். இம்முறை லொறி இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையும் நான்கு வரிசை விறகும் இருக்கின்றன. போன மாதம் பழைய பேக்கரிக்காரர் ஒருவர் தானாகவே வந்து ஒரு கட்டையைக் கையிலெடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டிருக்கிறார்.